ஷட்டரைத் தட்டிய ஊசியக்கா

தெருவில் அவளுக்குப் பெயர் ஊசியக்கா. ஒல்லியாக இருப்பதால் வந்த பெயரா, தைப்பதால் வந்த பெயரா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் முன்னறை கடை, பின்னறை வீடு. பேண்ட்டின் இடுப்பைப் பிரித்துவிடுவது, ஜிப் மாற்றுவது, கோட்டின் கையைக் குறைப்பது என்று நாள் முழுக்க மிஷினோடு மல்லுக்கட்டு. வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அதனால் பேச்சு குறைவு, சண்டை அதைவிடக் குறைவு. வருடம் பூராவும் தின்று தொப்பை வளர்த்துக்கொண்டு வந்து, "போன தடவை நீங்க தைச்சது சுருங்கிப் போச்சு" என்று சட்டையைத் தூக்கிப் போடும் ஆளிடம்கூட, "அப்படியாங்க, குடுங்க பாக்கறேன்" என்பாள். அந்த ஆளின் தொப்பையைப் பார்க்கக்கூட மாட்டாள். நானென்றால் அளவு நாடாவை எடுத்து அவர் கழுத்தில் மாட்டியிருப்பேன். அவளோ சட்டையைப் பிரித்துத் தைத்து, கையெடுத்துக் கும்பிடாத குறையாக அனுப்பிவைப்பாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நல்ல மனிதர், குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஒரே ஒரு பழக்கம்: வீட்டுச் சாவியை வாழ்நாளில் எடுத்துப்போனதில்லை. "நீதான் வீட்டுல இருக்கியே" என்பார். வேலை முடிந்து வந்தால் கதவில் டக்டக் என்று வேகமாக இரண்டு தட்டு, சின்ன இடைவெளி, பிறகு டக் என்று ஒன்று. அந்த மூன்றாவது தட்டு விழுவதற்குள் அவள் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருப்பாள். கையில் ஈரமோ, வாயில் குண்டூசியோ, உடம்பில் காய்ச்சலோ, எதுவாக இருந்தாலும் கால் தானாகக் கதவை நோக்கிப் போகும். இருபத்தேழு வருடமாக அந்தக் கதவு அப்படித்தான் திறந்துகொண்டிருந்தது. இதில் ஒரு குறை இருக்கலாம் என்று இருவருக்குமே தோன்றியதில்லை.

கீழ்த்தளத்தில் முன்பு டயர் கடை இருந்தது. அது காலியாகி வெகுநாள் பூட்டிக் கிடந்தபின் மூன்று பேர் வாடகைக்கு வந்தார்கள். ஒருவர் லிஃப்ட் மெக்கானிக், ஒருவர் மருந்துக்கடை நடத்துபவர், மூன்றாவது ஆள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். பார்த்தால் ஏதோ சங்கக் கூட்டம் போடுகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். முதல் நாள் மாலை ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டு அவர்கள் ஆரம்பித்தபோது, கட்டடத்தின் அடியில் யாரோ தண்டவாளத்தை அறுக்கிறார்கள் என்று ஊசியக்கா நினைத்தாள். பிறகுதான் தெரிந்தது, அது ஒரு இசைக்குழு. பெயர் 'உடைசல்'. பெயர்ப் பொருத்தம் என்றால் இதுதான் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார்.

மெக்கானிக் சாக்ஸபோன் ஊதினார். பாடுகிற கருவியைப் பாடவிடாமல் அலறவிட்டார். மருந்துக்கடைக்காரர் கிடாரின் ஒலிபெருக்கியை அது உறுமும்வரை முடுக்கி, மாத்திரை எண்ணுகிற தட்டையான கரண்டியால் கம்பிகளைச் சுரண்டினார். டீச்சருக்கு ட்ரம்ஸ். பகலெல்லாம் பிள்ளைகளை எண்ணச் சொல்லுகிற அம்மாள், மாலையில் ஒன்று இரண்டு என்று தவறிக்கூட எண்ணாமல் விளாசினாள்.

வாரத்தில் மூன்று மாலை இது நடந்தது. மேஜைமேல் குண்டூசிகள் தாமாக நகர்ந்து ஓரத்துக்கு வந்து கீழே விழும். ஊசியக்கா அவற்றைப் பொறுக்கி வைப்பாள். மறுபடி விழும், மறுபடி பொறுக்குவாள். அடுத்தவர் காரியத்தில் தலையிடாதே என்பது அவள் கொள்கை. தலையிட்டுப் பழக்கமில்லை என்பது நிஜம்.

ஒரு நாள் ஒரு கோட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கீழே அலறல் உச்சத்துக்குப் போனது. தைத்து முடித்து, நிமிர்ந்து, கோட்டை உதறித் தூக்கிப் பார்த்தால், வலது கை இடப்பக்கம் இருந்தது. தொழிலுக்கு வந்த முதல் வருடத்தில்கூட அவள் செய்யாத தவறு அது. கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். கையில் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல் இருந்தது. அதைக் கீழே வைக்க மறந்து, படியிறங்கிப் போனாள்.

ஷட்டரைக் கையால் தட்டினாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கத்தரிக்கோலின் பிடியால் தட்டினாள். அப்போது உள்ளிருந்து ட்ரம்ஸ் அவள் தட்டியதைப் போலவே திருப்பித் தட்டியது. கேலி செய்கிறார்கள் என்று நினைத்தாள். இன்னும் ஓங்கித் தட்டினாள். சாக்ஸபோன் இரண்டு முறை குரைத்தது. அவள் ஷட்டரின் மடிப்புகளில் கத்தரிக்கோலை மேலிருந்து கீழே இழுத்தாள், கிடாரும் மேலிருந்து கீழே இறங்கியது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். அன்றைக்கு அந்தத் தெரு கொள்ளவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, ஊசியக்காவா இது என்று பார்த்துவிட்டு, பயந்து மூடிக்கொண்டார். தொப்பைக்காரர்களின் சட்டைகள், விழுந்த குண்டூசிகள், இடப்பக்கம் போன வலது கை, எல்லாம் சேர்ந்து ஷட்டரில் விழுந்தன. அவள் எவ்வளவு நேரம் அடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் மெக்கானிக் தொண்டை வறண்டு தண்ணீர் வாங்கப் புறப்பட்டதால்தான் ஷட்டர் மேலே போனது.

வியர்த்து, முடி கலைந்து, கையில் கத்தரிக்கோலோடு ஒரு பெண் நின்றால் யாரும் ஓரடி பின்னால் போவார்கள். இவர்கள் மூவரும் அவளைப் பார்த்த பார்வையே வேறு. டீச்சர் எழுந்து வந்தாள்.

"அது நீங்கதானாக்கா? உள்ள வாங்க."

அவர்கள் குழுவுக்கு இருந்தது ஒரே ஒரு விதி. வாசிக்கும்போது வெளியிலிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் நிறுத்தக்கூடாது, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். லாரி ஹாரன் அடித்தால் ஹாரனுக்கு, நாய் குரைத்தால் நாய்க்கு, மழை பெய்தால் மழைக்கு. அதனால் ஷட்டர் தட்டப்பட்டபோது யாரோ திட்ட வந்திருக்கிறார்கள் என்று மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்துப் பதில் சொன்னார்கள். உலகத்தில் வேறு யாரும் செய்யமாட்டாத தப்பு இது என்று ஊசியக்கா பிற்பாடு சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு முறை வாசித்ததை மறுமுறை வாசிக்கமாட்டார்கள் என்பதால் எல்லாவற்றையும் பதிவு செய்துவைப்பது வழக்கம். அன்றைய பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவள் டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து கேட்டாள். இரைச்சலுக்கு நடுவே இரும்பு பேசியது. முதலில் கேட்டது, பிறகு அதட்டியது, பிறகு ஏதோ ஒன்றை வேண்டும் வேண்டும் என்றது. தன் குரலைப் பதிவில் கேட்டால் யாருக்கும் அந்நியமாகத்தான் இருக்கும். இது அதற்கும் மேலே. இந்தப் பெண்ணை அவள் எங்குமே சந்தித்ததில்லை.

"இது யாரு?" என்று கேட்டாள்.

 மருந்துக்கடைக்காரர், எந்த வியாதிக்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பவர் ஆகையால், தாங்கள் செய்வது என்னவென்று விளக்கினார். ஃப்ரீ ஜாஸ் என்றால் ராகம் தாளம் எதையும் முன்கூட்டிப் பேசிவைக்காமல், ஒருவரையொருவர் கேட்டு அந்தந்த நொடியில் வாசிப்பது. நாய்ஸ் ராக் என்றால், மற்றவர்கள் கோளாறு என்று தள்ளுகிற இரைச்சலையே இசையாக்குவது. இரண்டையும் முட்டவிட்டால் உடைசல்.

"அளவெடுக்காம துணிய வெட்டறீங்க" என்றாள் அவள்.

"ஆமாக்கா."

"அது யாருக்காவது பொருந்துமா?"

"சில நாள் பொருந்தும்" என்றார் மெக்கானிக். அவர் பொய் சொல்லாத மனிதர் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மாடி ஏறி வந்து, கோட்டின் கையைப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான், திட்டப் போனவள் திட்டாமலே வந்துவிட்டோம் என்று நினைவு வந்தது.

அதற்குப்பின் அவளுக்கு ஒரு நமைச்சல் பிடித்துக்கொண்டது. தைக்கும்போதும், தட்டு கழுவும்போதும் அந்த இரும்புச் சத்தம் காதில் ஓடியது. அந்தப் பெண் யார்? எங்கே இருந்தாள்? மறுபடி கூப்பிட்டால் வருவாளா? இது தெரிந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. யாருடைய பேண்ட்டும் இதனால் நீளப்போவதில்லை. ஆனால் இத்தனை வயதுக்கு அவள் தனக்காக ஆசைப்பட்ட முதல் காரியம் இதுதான், அதை அவள் தனக்குள் ஒளிக்கவும் இல்லை. நாலாம் நாள் மாலை, தானே கீழே போனாள்.

அவர்கள் காத்திருந்தவர்கள் போல ஒரு யோசனை சொன்னார்கள். அடுத்த மாதம் பழைய சினிமா கொட்டகையில் ஒரு கச்சேரி. டயர் கடையின் பக்கவாட்டு ஷட்டர் துருப்பிடித்ததால் கழற்றி வைத்திருக்கிறோம். அதை ஒரு சட்டத்தில் தொங்கவிடுகிறோம், அக்கா வந்து அன்றைக்குப் போலத் தட்டினால் போதும். அவளும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த பிறகுதான் வினை. சட்டத்தில் தொங்கிய ஷட்டருக்கு முன்னால் கத்தரிக்கோலோடு நின்றால், அவள் கையிலிருந்து வந்த சத்தம், பக்கத்து வீட்டில் கொஞ்சம் சர்க்கரை கேட்கப் போனவள் தட்டுவதைப் போல இருந்தது. உங்களுக்கு வேலை இருந்தால் பரவாயில்லை, அப்புறம் வருகிறேன் என்கிற தட்டு. மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. கோபம் வந்தால் சரியாகிவிடும் என்று மருந்துக்கடைக்காரர் மருந்து கொடுத்துப் பார்த்தார். தன் பேண்ட்டைக் காட்டி, "இதெல்லாம் ஒரு தையலாக்கா? குழந்தை தைச்ச மாதிரி இருக்கு" என்றார். அவள் உடனே குனிந்து மடிப்பைப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, கழற்றிக் கொடுங்கள் இப்போதே சரிசெய்கிறேன் என்றாள். டீச்சர் சிரித்துச் சிரித்துக் குச்சியைக் கீழே போட்டுவிட்டாள்.

ஊசியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரும்புக் குரல் ஒரு நாள் வந்த விருந்தாளியாகப் போய்விடுமோ என்று பயம் வந்தது. தனியாக இருக்கும்போது சமையலறைக் கதவில் தட்டிப் பார்த்தாள். கதவு நல்ல கதவு, வாய் திறக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டுவதற்கு ஒரு கச்சேரி, அதற்கு ஒரு கொட்டகை, அதைக் கேட்க ஒரு கூட்டமா என்று கேட்டார். கிண்டல்தான், ஆனால் கெட்ட கிண்டல் இல்லை. அன்றைக்கு டூட்டி முடியக் கொஞ்சம் தாமதமாகும், நேரே வந்துவிடுகிறேன் என்றும் சொன்னார். அவர் வருவது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை மாலை. கொட்டகை முதலாளி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அக்கம்பக்கத்தில் புகார் வரக்கூடாது, ஆகவே ஆரம்பித்ததும் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட வேண்டும், நடுவில் திறக்கக்கூடாது. இதைக் கேட்டதிலிருந்து ஊசியக்காவின் கவலை இடம் மாறிவிட்டது. ஷட்டர் பேசுமா என்கிற கவலை போய், வீட்டுக்காரர் வந்தால் யார் கதவைத் திறப்பார்கள் என்கிற கவலை வந்து உட்கார்ந்தது. டிக்கெட் கிழிப்பவரிடம், டிரைவர் உடுப்பில் ஒருவர் வருவார், தயவுசெய்து பாருங்கள் என்று இரண்டு முறை சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஆரம்பித்ததும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டார்.

ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். விளக்கு அணைந்தது. மெக்கானிக் சாக்ஸபோனை வாயில் வைத்து, மேல்மாடியில் மாட்டிக்கொண்ட லிஃப்ட்டிலிருந்து ஆட்கள் கத்துவதைப் போல ஆரம்பித்தார். கிடார் அதன்மேல் மணலைக் கொட்டியது. டீச்சர் இரண்டையும் வாரிச் சுவரில் அடித்தாள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து பின்வரிசைக்குப் போனார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து முன்வரிசைக்கு வந்தாள். ஊசியக்கா தன் முறைக்கு ஷட்டரைத் தட்டினாள். சர்க்கரை கேட்கிற தட்டு. மறுபடி தட்டினாள், அதுவேதான். மூவரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை, அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவளுக்குத்தான் கண் கலங்கியது. நம்மை நம்பி ஏமாந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். கத்தரிக்கோலைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

திடீரென்று மூவரும் ஒரே நேரத்தில் அடங்கினார்கள். அவர்கள் வாசிப்பில் அப்படி நடப்பதுண்டு, சொல்லிவைத்து அல்ல. அந்த அமைதியில், கொட்டகையின் பின்கோடியிலிருந்து வந்தது.

டக்டக். டக்.

அவள் கால் நகர்ந்தது. உண்மையாகவே நகர்ந்தது. மேடையில் நிற்கிறோம், முன்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் காலுக்குத் தெரியாது. மேடை ஓரம்வரை வந்துவிட்டாள், படியில் ஒரு காலை வைத்தும்விட்டாள். அதற்குள் டீச்சர், விதி விதிதான் என்பதால், கதவுச் சத்தத்துக்கு ட்ரம்ஸில் பதில் சொன்னாள். டக்டக். டக். வெளியே இருப்பவர் அதைக் கேட்டிருக்க வேண்டும். கேலி செய்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். ஓங்கித் தட்டினார்.

ஊசியக்கா படியில் நின்றாள். மூடிய கதவுக்கு வெளியே நிற்பதென்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு மாலை நின்றிருக்கிறாள். அன்றைக்கு உள்ளேயிருந்து யாரும் ஓடிவந்து திறக்கவில்லை. பதில்தான் சொன்னார்கள். பதிவில் கேட்ட அந்தப் பெண் பிறந்ததே அதனால்தான்.

வைத்த காலை எடுத்தாள். திரும்பி நடந்து ஷட்டருக்கு முன்னால் வந்து, கத்தரிக்கோலைத் தூக்கினாள்.

வெளியே டக்டக் டக் என்றார் அவர். அவள் கத்தரிக்கோலால், இல்லை என்றாள். அவர் மறுபடி அதையே சொன்னார். அவள், கையில் ஈரம் என்றாள். வாயில் குண்டூசி என்றாள். காய்ச்சலில் எழுந்து வந்தேனே, அது தெரியுமா என்றாள். இரும்பு அத்தனையையும் சொல்லியது. வெளியே தட்டு வேகமெடுத்தது, இரண்டு கையாலும் அடிக்கிறார் போலிருந்தது. டக்டக் டக் என்கிற பழைய கணக்கு அவர் கையிலேயே உடைந்து, அது இதுவரை அவள் கேட்டிராத ஒரு தட்டாக மாறியது. இது யார் என்று வியந்துகொண்டே அவள் பதில் சொன்னாள். மெக்கானிக் இருவருக்கும் நடுவில் புகுந்து ஊதினார். கத்தரிக்கோல் ஷட்டரின் மடிப்புகளில் மேலிருந்து கீழே இறங்கியபோது கொட்டகையே எழுந்து உட்கார்ந்தது. வெளியே ஒரு ஆளை நிறுத்திவைத்திருக்கிறார்கள், என்ன ஒரு ஏற்பாடு என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

கோபம் இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் கோபத்தைவிடப் பெரிதாகச் சந்தோஷம் இருந்தது. அத்தனை வருடத்தில் அவர்கள் இருவரும் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டதே கிடையாது.

டிக்கெட்காரர் ஒரு வழியாகப் பஞ்சை எடுத்துத் தாழ்ப்பாளை நீக்கினார். டிரைவர் உடுப்பில், தூக்கிய கை தூக்கியபடி அவர் உள்ளே வந்தார். கூட்டம் திரும்பி அவருக்குக் கைதட்டியது. யாரோ எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். அவர் உட்கார்ந்து, மேடையில் இரும்பை அடித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். முடியும்வரை கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். அவர் சிவந்திருந்த உள்ளங்கையை அவ்வப்போது தேய்த்துக்கொண்டார். மாடிப்படியில் பாதியில் நின்று கேட்டார்.

"நான்தான்னு தெரியும்ல? ஏன் வந்து தொறக்கல?"

"பதில் சொல்லிக்கிட்டுதானேங்க இருந்தேன்."

அவர் அதை யோசித்தார். மறுபடி உள்ளங்கையைத் தேய்த்தார். "நான் தட்டினது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"கடைசியில நல்லா இருந்துச்சு" என்றாள் அவள். அதுவும் நிஜம்.

கதவுக்கு முன்னால் வந்து நின்றதும், பழக்கதோஷம், அவர் கை தட்டுவதற்கு உயர்ந்தது. வீட்டுக்குள் திறக்க யாரும் இல்லை என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. ஊசியக்கா பையிலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டில் போடப் போனவள், நிறுத்தி, அவர் கையில் கொடுத்துவிட்டு ஒரு படி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அவர் சாவியை நுழைத்தார். ஒரு பக்கம் திருப்பினார், நின்றது. மறுபக்கம் திருப்பினார், அதுவும் நின்றது. தன் சொந்த வீட்டுக் கதவின் முன்னால் குனிந்தபடி, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"இது எந்தப் பக்கம்மா திருப்பணும்?"

அவள் சொல்லவில்லை. பூட்டுக்குள் சாவி இப்படியும் அப்படியுமாகக் கடகடத்தது. கத்தரிக்கோலை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள்.